செல்லம்மா நின்ற இடம்

புந்தோங்கில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் காய்ந்த எண்ணெய் வாசம்தான் முதலில் மூக்கைத் தொடும். முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை எல்லாம் கலந்து 'கச்சாங் பூத்தே' என்று பொட்டலம் போட்டு ஈப்போ முழுக்க விற்கிற வீடுகள் அங்கேதான் இருக்கின்றன. மங்களத்தின் வீடும் அதில் ஒன்று. பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பெரிய கேஸ் அடுப்பு. அவள் பிழிந்து எடுப்பாள். வீட்டுக்காரர் மாயாண்டி பொட்டலம் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போட்டு வருவார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார்ந்தால் கால் வீங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர்.

அன்றைக்கு மத்தியானம் மழை மூட்டமாக இருந்தது. மலைகளின் தலை தெரியவில்லை. மங்களம் இரண்டாவது ஈடு பிழிந்துகொண்டிருந்தபோது ஷர்மினி வந்து வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றியவள் உள்ளே வராமல் அங்கேயே நின்றாள்.

"ஆன்ட்டி, அங்கிள் இல்லையா?"

"மேடான் பக்கம் சாமான் போடப் போயிருக்காரு. வாம்மா உள்ள. என்ன மூஞ்சி வாடிக் கெடக்கு? காச்சலா?"

"இல்ல ஆன்ட்டி. அங்கிள் இல்லாதப்பதான் உங்ககிட்ட பேசணும்."

இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் அருங்காட்சியக வேலை பார்ப்பவள். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த சில வருடங்களில், ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய ஒரு வெள்ளைக்காரர் பேராக்குக்கு வந்து, தோட்டம் தோட்டமாகப் படம் பிடித்துக்கொண்டு போனார். அந்தப் படங்கள் கடல் கடந்த ஒரு ஊரின் அருங்காட்சியகத்தில் பெட்டிக்குள் தூங்கிக் கிடந்தன. 'பால்மரம் வெட்டும் ஆள்', 'தமிழ்ப் பெண்ணும் குழந்தையும்' என்று பின்னால் எழுதி, தோட்டத்தின் பெயரும் போட்டிருந்தது. ஆளின் பெயர் மட்டும் கிடையாது. இப்போது அந்த அருங்காட்சியகமே, படத்தில் இருப்பவர்கள் யார் என்று அந்த ஜனங்களிடமே கேட்டு, என்ன எழுதுவது என்று அவர்களோடு உட்கார்ந்து பேசி, சம்மதம் வாங்கி, ஈப்போவிலேயே கண்காட்சி வைக்கலாம் என்று ஏற்பாடு செய்திருந்தது. ஊர் ஊராகப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்பது ஷர்மினியின் பொறுப்பு.

புந்தோங் கோயில் மண்டபத்தில் அவள் படங்களை மேசைமேல் பரப்பி வைத்த நாளை மங்களம் மறக்கமாட்டாள். மாயாண்டி முதலில் கேலிதான் பேசினார். "மரத்துக்குக்கூட நம்பர் போட்டானுங்க. ஆளுக்குப் பேரு போட மையி பத்தலையா?" என்றார். அப்புறம் ஒரு படத்தின் முன்னால் நின்றவர் நின்றபடியே இருந்தார். பின்னால் 'ஆத்துமேட்டுத் தோட்டம்' என்று இருந்தது. அவர் பிறந்த தோட்டம். முக்காலியில் ஒரு இளம்பெண். மடியில் அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய ஆண் குழந்தை. குழந்தையின் மூக்கில் சின்ன வளையம்.

மாயாண்டியின் வலது மூக்கில் இன்றைக்கும் அந்தத் துளை இருக்கிறது. பள்ளியில் பையன்கள் 'மூக்குத்தி' என்று கூப்பிட்டுச் சிரித்த துளை. அம்மா செல்லம்மா அவருக்கு விவரம் தெரியும் முன்னமே போய்விட்டாள். அப்பா வேறு தோட்டம் மாறி, வேறு கல்யாணம் செய்துகொண்டார். சித்தி நன்றாகத்தான் வளர்த்தாள். ஆனால் அந்த வீட்டில் செல்லம்மா என்ற பேச்சே எழவில்லை. ஒரு படமும் இல்லை. அறுபது வயதுக்கு மேல், கோயில் மண்டபத்தில், எல்லாரும் பார்க்க அந்த மனிதர் அழுதார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஷர்மினி கொடுத்த பிரதியை டவுனில் சீனர் ஒருவரின் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினார். படத்தில் நெற்றி வெறுமையாக இருந்தது. "பழைய படம், அழிஞ்சு போயிருக்கும்" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் சிவப்பாக ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். சட்டம் போட்டு, சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டி, மாலை போட்டார். தினமும் விளக்கு. சாமான் போடப் போகும்போது "வாரேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஆடி அமாவாசைக்கு முதல் தடவையாக அம்மாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டார். கோழிப் பெரட்டலும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள் மங்களம்.

இதெல்லாம் தெரிந்ததால்தான் ஷர்மினிக்கு அந்த வாசலில் கால் நகரவில்லை.

"பீடோர்ல ஒரு அம்மாவப் பாத்தேன் ஆன்ட்டி. காளியம்மான்னு பேரு. ஆத்துமேட்டுல பால் வெட்டினவங்க. படத்தக் காட்டினதும் பேரு சொல்லிட்டாங்க. அது செல்லம்மா இல்லையாம். அந்தோணியம்மாவாம். கிறிஸ்தவங்க."

மங்களத்தின் கையில் முறுக்கு உழக்கு அப்படியே நின்றது. எண்ணெயில் கிடந்த முறுக்கு சிவந்து கறுக்கத் தொடங்கியது.

"புள்ள?"

"புள்ள மாயாண்டிதான்னு சொல்றாங்க. அதுல சந்தேகமே இல்லையாம். மத்த கத அவருகிட்டதான் சொல்லுவேன்னு சொல்லிட்டாங்க."

மங்களம் கருகியதை அரித்து எடுத்துத் தட்டில் கொட்டினாள். அடுப்பைத் தணித்தாள்.

"நீ சொல்லாத. நான் சொல்றேன்."

"போர்டுல எழுதக் குடுக்கணும் ஆன்ட்டி. செல்லம்மான்னு போட்டா அது தப்பாயிரும். அந்தோணியம்மாவுக்கு ஒரு மகன் வேற சித்தியவான்ல இருக்காராம்."

"தெரியுதும்மா. நான் சொல்றேன்னு சொல்றேன்ல."

சாயங்காலம் மாயாண்டி பொட்டலம் ஒட்ட உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பையின் வாயை மடித்து, மெழுகுவத்திச் சுடரில் ஒரு இழுப்பு இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். அது அவருக்குக் கைப்பழக்கம். மங்களம் எதிரில் உட்கார்ந்து கடலையை அளந்து போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அவர் கையிலிருந்த பை சுருண்டு கருகியது.

"பீடோர்க் கெழவிக்குக் கண்ணு தெரியாது."

"இருக்கலாங்க. போய்க் கேட்டுட்டா போச்சு."

"எதுக்குக் கேக்கணும்? எவளோ வந்து சொன்னா ஆச்சா? எங்கம்மா மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

மங்களம் கடலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரியாதுங்க."

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும்போது படத்தைப் பார்த்தார். "வாரேம்மா" என்று சொல்ல வாய் எடுத்தவர் பாதியில் நிறுத்தினார். திரும்பி வந்து மங்களத்திடம், "அந்தப் பொண்ணுக்குப் போன் போடு. போலாம்" என்றார்.

பீடோருக்கு ஷர்மினியின் காரில் போனார்கள். வழியெல்லாம் தூறல். முன்னொரு காலத்தில் பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. காளியம்மா மகனோடு ஒரு கொய்யாத் தோட்டத்து ஓரத்தில் இருந்தாள். வயது எண்பதுக்கு மேல். கொய்யாப் பிஞ்சுக்கு மாட்டுகிற காகித உறையை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்தும் மடிப்பதை நிறுத்தவில்லை.

"வா, மாயாண்டி. உங்கப்பன் மாரியே மொறச்சுக்கிட்டு வாரே."

"கண்ணு நல்லாத் தெரியுதா பெரியம்மா?" என்றார் மாயாண்டி, விறைப்பாக.

"ஈப்போ ஆஸ்பத்திரியில ரெண்டு கண்ணும் அறுத்துட்டாங்க. உன் மூக்கு ஓட்ட இங்கேருந்து தெரியுது, போதுமா? உக்காரு. மருமவளே, அந்தப் புளிப்பு அசாம் தூளோட கொய்யாவ எடுத்து வையி, புந்தோங்லேருந்து வந்திருக்காங்க."

மாயாண்டி படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பொட்டு வைத்த படம். காளியம்மா பார்த்தாள். உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"அட பாவி மக்கா! அந்தோணியம்மாவுக்குப் பொட்டு வெச்சுட்டியளா? அவ இருந்திருந்தா வெளக்கமாத்தக் காட்டியிருப்பா!"

யாரும் சிரிக்கவில்லை. காளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, காகிதத்தை ஒதுக்கி வைத்தாள்.

"உங்கப்பன் உனக்கு ஒண்ணுமே சொல்லலையா? தவிட்டுக்கு வித்தது?"

"என்னது?"

"சரிதான். கேளு. உனக்கு முன்னாடி செல்லம்மாவுக்குப் பொறந்தது எதுவும் தங்கல. நீ பொறந்ததும் பயந்துட்டா. பெரியவங்க சொன்னாங்க, இந்தப் புள்ள அவ புள்ளையா இருக்க வேணாம், யாருக்காச்சும் தவிட்டுக்கு வித்துருன்னு. லயத்து வீடுங்களுக்குப் பின்னாடி குப்ப மேட்டுல உன்னக் கெடத்திட்டு உங்கம்மா திரும்பிப் பாக்காம நடந்துட்டா. அந்தோணியம்மா ஒரு மொறம் தவிட்டக் கொண்டாந்து உங்கப்பன்கிட்டக் குடுத்துட்டு உன்னத் தூக்கிட்டுப் போனா. அன்னைக்கே மூக்கும் குத்தியாச்சு. எமன் வந்து செல்லம்மா வீட்டுல புள்ள இருக்கான்னு பாத்தா இருக்கக் கூடாது பாரு. வேதக்காரி வீட்டுப் புள்ளன்னா அவன் கணக்குலயே வராது."

"அப்ப என்னை வளத்தது?"

"செல்லம்மாதான். பாலு குடுத்தது, குளிப்பாட்டினது எல்லாம் அவதான். ஆனா அந்தோணியம்மா வீட்டுப் பின்வாசல்ல உக்காந்துதான் குடுப்பா. யாரு கேட்டாலும் 'அது அந்தோணி புள்ள'ம்பா. உன்ன 'மகனே'ன்னு ஒரு வார்த்த கூப்பிட்டு நாங்க கேட்டதில்ல."

கூரையில் மழை பலத்தது. மருமகள் கொய்யாத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். ஒருவரும் தொடவில்லை.

"அந்த வெள்ளக்காரன் வந்தது ஒரு ஞாயித்துக்கிழம" என்றாள் காளியம்மா. "வேலத் துணியோட வந்து நில்லுங்கன்னு கணக்கெழுதற கிராணி மூலமாச் சொன்னான். எவ கேப்பா? படம் பிடிக்கறாங்கன்னா தீவாளிச் சீல கட்டாம வருவோமா? அவனுக்கு ஒரே கோவம். அப்புறம் உன்னப் பாத்துட்டான். மூக்குல வளையத்தோட ஆம்பளப் புள்ள! இந்தப் புள்ளயோட அம்மா வந்து முக்காலில உக்காருன்னு கிராணி கூப்பிட்டாரு. நாங்க எல்லாரும் செல்லம்மாவப் பாத்தோம். செல்லம்மா அந்தோணியம்மாவப் பாத்தா. புது ஆளு, கண்ணாடிக் கண்ணு வெச்ச பொட்டி. அது முன்னாடி போயி 'நான்தான் தாயி'ன்னு உக்காருவாளா? வித்த புள்ளயாச்சே. அந்தோணியம்மா போயி உக்காந்து உன்ன மடியில வாங்கினா."

"செல்லம்மா எங்க போனாங்க?" மங்களம்தான் கேட்டாள்.

"எங்கயும் போகல. நீ கத்துற கத்தல்ல தோட்டமே ரெண்டாச்சு மாயாண்டி. வெள்ளக்காரன் கையப் பெசயறான். செல்லம்மா ஒரு பால்மங்க, மரத்துல பால் பிடிக்கிற கிண்ணத்த எடுத்துக்கிட்டு, அவன் பொட்டிக்கு எடப்பக்கம் போயி நின்னுக்கிட்டு, குச்சியால டிங் டிங்னு தட்டினா. நீ அழுகைய நிப்பாட்டிட்டு அவளப் பாத்தே. அப்பதான் பிடிச்சான். நல்லாப் பாரு படத்த. அந்தோணியம்மா நேராப் பாக்கறா. நீ எங்க பாக்கறே?"

மாயாண்டி படத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் மாட்டிக்கொண்டார். குழந்தை கேமராப் பெட்டியைப் பார்க்கவில்லை. பக்கத்தில், எதையோ பார்த்து வாய் திறந்திருந்தது. அழுகை முடிந்து சிரிப்பு தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த வாய்.

"அப்ப எங்கம்மா படத்துல இல்ல."

"இல்லப்பா."

"வேற படத்துல?"

ஷர்மினி தலையை ஆட்டினாள். "எல்லாத்தையும் பெரியம்மாகிட்டக் காட்டிட்டேன் அங்கிள். எதுலயும் இல்ல."

"பொட்டியத் திருப்பினா ஓடிருவா" என்றாள் காளியம்மா. "நீ வளந்து கல்யாணம் ஆகறப்ப, தவிட்டத் திருப்பிக் குடுத்து உன்ன வாங்கியிருக்கணும். அதுக்குள்ள காச்சல்ல போயிட்டா. உங்கப்பன் ராவோட ராவா உன்னத் தூக்கிட்டுத் தோட்டம் மாறிட்டான். அந்தோணியம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"எப்படி இருப்பாங்க பெரியம்மா?"

காளியம்மா ஒரு காகித உறையை எடுத்து மடித்தாள். "கறுப்பு. நெட்ட. பால் வாளி தூக்கினா ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டு நடப்பா. பேசறதுக்கு முன்னாடியே சிரிச்சுருவா, என்ன சொல்ல வந்தான்னே புரியாது." அப்புறம் கையை விரித்தாள். "சொன்னா வருமாப்பா."

வீட்டுக்கு வந்ததும் மாயாண்டி படத்தை ஆணியில் மாட்டினார். மாலையைக் கழற்றவில்லை, புது மாலையும் போடவில்லை. மங்களம் வழக்கம்போல விளக்கை எடுத்தாள்.

"யாருக்கு ஏத்தறே?"

"எரியட்டுங்க. அந்தம்மாவும் உங்களத் தூக்கினவங்கதானே."

அதற்குப் பிறகு அவர், வண்டியை எடுக்கும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமலேயே போனார். சாமான் எண்ணிப் போட்ட கடையிலேயே மறுபடியும் போட்டுவிட்டு வந்தார். கடைக்காரர்கள் மங்களத்துக்குப் போன் செய்து, "மாயாண்டிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் சித்தியவானிலிருந்து ஸ்டானிஸ்லாஸ் வந்தார். அந்தோணியம்மாவின் மகன். லூமுட் கப்பற்படை முகாமில் சமையல்காரராக இருந்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல். ஷர்மினி போனில் சொன்னதைக் கேட்டு, பங்கோர் நெத்திலி ஒரு பையும் கருவாடு ஒரு பையுமாக வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு யாருப்பா பொட்டு வெச்சது?"

மாயாண்டிக்கு முகம் சுண்டிப்போனது. "நான்தாண்ணே. தெரியாம..."

"மாலையெல்லாம் போட்டு! எங்க ஃபாதர் பாத்தாருன்னா என்னைக் கோயில்ல சேத்துக்க மாட்டாருலா."

"இப்பவே கழட்டிக் குடுத்துர்றேன். உங்க அம்மா படம், நீங்க எடுத்துட்டுப் போங்க." மாயாண்டி ஸ்டூல் போட்டு ஏறினார். ஸ்டூல் ஆடியது. மங்களம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்கு, எறங்கு. விழுந்து வைக்காத." ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் படத்தைவிட்டு நகரவில்லை. "எனக்குத் தெரிஞ்ச அம்மா பல்லு போன அம்மா. இவ்ளோ அழகா இருந்துச்சுன்னு யாரும் சொல்லலியே." பைகளை மடியில் வைத்துக்கொண்டார். "எங்க வீட்டுல ஒரு பாப்பா இருந்துச்சு. எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகம். நான் தூக்குவேன், கீழ போட்டுருவேன்னு அம்மா கத்தும். ஒருநாளு காலையில பாப்பா இல்ல. அம்மா சேலத் தலைப்ப வாயில வெச்சுக்கிட்டு அழுதுச்சு. தம்பி செத்துப் போச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். யாரையும் கேக்கல."

மங்களம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணுன்னு மெழுகுவத்தி கொளுத்துவேன். என் பொஞ்சாதி கேப்பா, அது யாரு பாப்பா, கல்லறையே இல்லையேன்னு." அவர் மாயாண்டியை ஏற இறங்கப் பார்த்தார். "நீ என்னடான்னா தொப்பையோட உக்காந்து முறுக்கு கட்டிக்கிட்டு இருக்கே!"

மங்களம்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மாயாண்டி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், "என்னைத் திருப்பி வாங்கவே இல்லையாம்ணே" என்றார்.

"தெரியும், அந்தப் பொண்ணு சொல்லிச்சு. இப்பத் தவிட்டுக்கு எங்க போவே? கோழித் தீனிக் கடைக்கா? வேணாம். நீ எங்க வீட்டுலயே கெட." இரண்டு பையையும் மங்களத்திடம் நீட்டினார். "நெத்திலி நல்லாக் காஞ்சது, சம்பல் போடு."

சாப்பாட்டுக்குப் பிறகு ஷர்மினி வந்தாள். கையில் கண்காட்சிக்கான வாசகம். படத்துக்குக் கீழே மாட்டப் போகிறது, மூன்று மொழியில். தமிழில் இருந்ததைப் படித்துக் காட்டினாள். 'அந்தோணியம்மாள், ஆத்துமேட்டுத் தோட்டத் தொழிலாளி. மடியில், வழக்கப்படி அவர் தவிட்டுக்கு வாங்கிய மகன் மாயாண்டி.'

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "சர்ச் ஆளுங்கள ஒரு வேன்ல அள்ளிக்கிட்டு வாரேன்."

மாயாண்டி கேட்டார். "எங்கம்மா பேரு?"

ஷர்மினி இதை எதிர்பார்த்திருந்தாள் போல. "படத்துல இருக்கறவங்க பேரு மட்டும்தான் போடுவாங்க அங்கிள். அது அவங்க வெச்சிருக்கற முறை. படத்துல இல்லாதவங்கள எழுதினா, எங்க நிறுத்தறதுன்னு கேக்கறாங்க."

"எங்கம்மா நின்ன இடத்துல நிறுத்தச் சொல்லு."

"அங்கிள்..."

"அறுவது வருஷமா 'தமிழ்ப் பொம்பள'ன்னு எழுதி வெச்சிருந்தீங்க. இப்பப் பேரு வேணும், வந்து சொல்லுங்கன்னு கூப்பிட்டீங்க. வந்தோம். அவங்க அங்க நின்னு தட்டலேன்னா இந்தப் படமே இல்ல. பேரு இல்லாட்டிப் படத்த மாட்ட வேணாம். நான் கையெழுத்துப் போடல."

ஸ்டானிஸ்லாஸ் கையிலிருந்த கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவருக்கு அந்தப் படம் சுவரில் தொங்க வேண்டும். பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அது அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. மங்களம் அவரையே பார்த்தாள்.

"தம்பி" என்றார் அவர், "எங்கம்மாவுக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

"எங்கம்மாவுக்கு அதுகூட இல்லண்ணே."

ஸ்டானிஸ்லாஸ் கோப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குவளையை வைத்தார். "சரி, ஷர்மினி. அவன் போட்டாத்தான் நானும் போடுவேன். போயிச் சொல்லு. அண்ணன் தம்பி ஒண்ணாயிட்டானுங்கன்னு சொல்லு."

ஷர்மினி காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். அவள் கோபப்படுவாள் என்று மங்களம் நினைத்தாள். அந்தப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சண்ட போட்டுப் பாக்கறேன் ஆன்ட்டி" என்றாள். "போடணும்னுதான் எனக்கும் இருந்துச்சு."

தீபாவளி நெருங்கியது. மங்களத்துக்கு ஆர்டர் குவிந்தது. அரிசிமாவு இடிக்க ஆள் வைத்தாள். தினமும் சாயங்காலம் மழை. மாயாண்டி போன் அடிக்கும்போதெல்லாம் பொட்டலத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். ஒருநாள் ஷர்மினியே பேசினாள். படத்தில் இல்லாத ஆளுக்கு ஆதாரம் என்ன என்று வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து கேட்டார்களாம். காளியம்மா பேசியதைப் பதிவுசெய்து, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாளாம். அதற்கப்புறம் அந்தக் குழந்தையின் கண்ணை அங்கே எல்லாரும் கூடி நின்று பார்த்தார்களாம்.

"ஒத்துக்கிட்டாங்க அங்கிள். இப்ப நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

அடுப்படியிலேயே நின்றுகொண்டு மாயாண்டி சொன்னார். மங்களம் இடையில் திருத்தினாள். பேசி முடிப்பதற்குள் ஒரு ஈடு முறுக்கு தீய்ந்தது.

கண்காட்சி ஈப்போ பழைய டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் நடந்தது. மரத் தரை, நடந்தால் முனகும். ஸ்டானிஸ்லாஸ் சொன்னபடி ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் ஒவ்வொருவராக நிறுத்திப் போட்டோ எடுத்தார். இது பொட்டில்லாத அசல் படம். காளியம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. ஒரு கூடை கொய்யா அனுப்பியிருந்தாள்.

மாயாண்டி படத்துக்குக் கிட்டே போகவில்லை. எதிர்ச் சுவர் ஓரம் பெஞ்சில் மங்களத்தோடு உட்கார்ந்துகொண்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தூரத்திலிருந்தே அந்த வாசகம் அவருக்கு மனப்பாடம்.

'அந்தோணியம்மாளும், அவர் தவிட்டுக்கு வாங்கிய மகன் மாயாண்டியும். மாயாண்டியைப் பெற்ற செல்லம்மா, பிள்ளைக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று இந்தப் படத்துக்கு வரவில்லை. படம் எடுத்தவரின் இடப்பக்கம் நின்று, பால்மங்கைத் தட்டி அழுகையை நிறுத்தினார். குழந்தை பார்ப்பது அவரைத்தான்.'

தலையில் துடோங் முக்காடு போட்ட ஒரு மலாய் ஆசிரியை வந்தார். மலாயில் இருந்ததைப் படித்தார். குழந்தையின் முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, தன்னை அறியாமல், இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. லேசாகச் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்து ஒரு சீனத் தம்பதி. கணவர் படித்து மனைவிக்குக் கான்டனீசில் விளக்கினார். மனைவி "அய்யோ" என்று வாயில் கை வைத்தாள். இருவரும் சேர்ந்தாற்போலத் திரும்பி, அதே இடத்தைப் பார்த்தார்கள்.

மாயாண்டி மங்களத்தின் கையைத் தொட்டார். "பாத்தியா?"

"பாத்தேங்க."

"தேடறாங்க மங்களம். எல்லாரும் அம்மாவத் தேடறாங்க."

சர்ச் வேனில் வந்த ஒரு பெண் இப்போது படித்துக்கொண்டிருந்தாள். மாயாண்டி அந்த இடத்தைப் பார்த்தார். காவலாளி உட்காரப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று அங்கே கிடந்தது. அதன்மேல் யாரோ குடையும் பையும் வைத்திருந்தார்கள். அவர் எழுந்தார். தரை முனக, வேகமாக நடந்து போனார். குடையையும் பையையும் எடுத்துச் சன்னலில் வைத்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் ஒதுக்கினார்.

அந்தப் பெண் திரும்புவதற்குள் அவர் விலகி நின்றுகொண்டார்.